பையப் போவோம்

அப்பாவின் காகிதங்கள் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. மூலப்பத்திரம், பழைய சிட்டா, தீர்வை கட்டிய ரசீதுகள், எதற்கென்று தெரியாத நான்கைந்து கவர்கள். அப்பா தவறியது 2022 ஆனியில். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு 42 சென்ட் வயல் உண்டு. அதன் பட்டாவை அம்மா, நான், தம்பி மூவர் பெயருக்கும் மாற்ற வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே தம்பி சொன்னான்: “அக்கா, நீதான் ஊர்ல இருக்க. பெட்டியத் திறந்து என்னென்ன இருக்குன்னு மட்டும் பாத்துரு. மத்தத நான் லீவுல வந்து பாத்துக்கிடுதேன்.” பாத்துருதேன் என்றேன். பெட்டி கட்டிலுக்கு அடியில், காலை நீட்டினால் இடிக்கிற தூரத்தில்தான் இருந்தது. ஒரு வருடம் எட்டு மாதம் நான் அதைத் திறக்கவில்லை.

சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சேர்மாதேவியில் வீட்டிலிருந்தே பதினோரு கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதுகிறேன். மாதா மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி போயாக வேண்டும், போய்விடும். அடுத்தவர் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் எனக்குச் சோறு இறங்காது. அந்தப் பெட்டி என்று வந்தால் மட்டும் கை ஓடாது. கை ஓடாததற்குப் பதிலாக மண்டை ஓடும். படுத்தவுடன் ஆரம்பிக்கும். வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் அப்பாவின் இன்ஷியல் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. அதைத் திருத்தப் போனால் வேறு எதையாவது கேட்பார்கள். பெரியப்பா பங்கும் நம் பங்கும் ஒரே சர்வே எண்ணில் இருந்தால்? அளக்கச் சொன்னால்? அளக்கச் சொன்னதைப் பெரியப்பா மகன் தப்பாக எடுத்துக்கொண்டால்? ராத்திரி இரண்டு மணிக்குள் நான் அம்பாசமுத்திரம் கோர்ட்டில் வக்கீலோடு நின்றுகொண்டிருப்பேன். பெட்டி மட்டும் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும், பூட்டோடு.

மலைப்பு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்! எங்கள் ஊரில் மொட்டைமாடியில் நின்று மேற்கே பார்த்தால் பொதிகை ஒரே நீலச் சுவராகத் தெரியும். பாதை, இடுக்கு, ஓடை எதுவும் அங்கிருந்து தெரியாது. நின்ற இடத்திலிருந்தே ஏறிவிடப் பார்க்கிறவனுக்கு மலைப்பு வராமல் என்ன வரும்?

வைத்தியம் பார்க்காமல் இல்லை. நோட்டில் பட்டியல் போட்டேன். பட்டியலை மறுபடி அழகாக எழுதினேன். பிறகு அதற்கென்று ஒரு செயலியை போனில் ஏற்றினேன். ஏற்றுவதற்கு முன் எது நல்ல செயலி என்று ஒரு வாரம் ஆராய்ச்சி. “ஐந்தே நிமிடத்தில் தள்ளிப்போடுவதை நிறுத்துங்கள்” என்கிற மாதிரி வீடியோக்களை ஒரு ராத்திரியில் மூன்று மணி நேரம் பார்த்திருக்கிறேன். ஒரு தோழி யோகா செய்யச் சொன்னாள். ஆன்லைனில் எந்தப் பாய் வாங்கலாம், எத்தனை மில்லிமீட்டர் கனம் வேண்டும் என்று பார்த்துப் பார்த்தே மூன்று வாரம் போய்விட்டது. இதில் கூத்து என்னவென்றால், பக்கத்து ஊர் பத்தமடை. கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடை. ரிஷிகேஷில் போய் உட்கார்ந்து உலகத்துக்கே யோகம் சொன்ன சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்ததும் அதே பத்தமடையில்தான். பாயும் யோகாவும் கூப்பிடு தூரத்தில் இருக்க, நான் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

வள்ளுவர் காலம் கடத்துவதற்கு ‘நெடுநீர்’ என்று ஒரு சொல் போட்டிருக்கிறார். நீர் என்றால் அங்கே தண்ணீர் இல்லை, தன்மை. இழுத்துக்கொண்டே போகும் தன்மை. அதையும் மறதியையும் சோம்பலையும் தூக்கத்தையும் சேர்த்து, கெட்டுப்போகிறவர்கள் ஆசைப்பட்டு ஏறும் மரக்கலம் என்கிறார். அந்த ‘ஆசைப்பட்டு’ என்னைச் சுட்டது. உண்மைதான், நாளைக்குப் பார்க்கலாம் என்று முடிவெடுத்த நிமிடத்தில் உடம்பெல்லாம் ஒரு சுகம் பரவும். 2013-இல் ஃபுஷியா சிரோயிஸ், டிமோதி பிச்சில் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்களும் ஏறக்குறைய இதைத்தான் எழுதினார்கள்: தள்ளிப்போடுகிறவருக்கு நேரத்தைக் கையாளத் தெரியாததல்ல சிக்கல், அந்த வேலை கிளப்பும் மோசமான உணர்விலிருந்து இப்போதைக்குத் தப்பிக்கத்தான் தள்ளிப்போடுகிறார். இதைப் படித்ததும் பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. பெட்டியைத் திறந்தேனா என்றால், இல்லை.

அந்தப் பெட்டி ஒரே ஒரு தடவை நகர்ந்தது. 2023 டிசம்பர் 17. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மழை விடவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்று பிறகுதான் தெரிந்தது. ஆற்றுக்குப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் ஏறுகிறது என்று ஆள்கள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். கரண்ட் இல்லை. நானும் அம்மாவும் அரிசி மூட்டை, சிலிண்டர், என் கம்ப்யூட்டர், சாமி படம் என்று எல்லாவற்றையும் உயரத்தில் ஏற்றினோம். டிரங்குப் பெட்டியை ஏணி போட்டு நானே பரணில் தூக்கி வைத்தேன். எப்படித் தூக்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி மண்டைக்குள் ஒரு பேச்சும் இல்லை. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. கீழே எத்தனையோ பேருக்கு வாழ்க்கையே போனது. வெள்ளம் வடிந்தது, அரிசி மூட்டை இறங்கியது, சாமி படம் இறங்கியது. பெட்டி இறங்கவில்லை. பரணில் இருப்பதால்தானே திறக்க முடியவில்லை என்று எனக்குப் புதிதாக ஒரு காரணம் கிடைத்திருந்தது.

இனி அம்மாவின் முட்டு. தை பிறந்ததும் வலி அதிகமாகி டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, தேய்மானம்தான், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், தினமும் மெதுவாக நடக்கணும் என்றார். அம்மா என்னைக் கையைக் காட்டினாள். “இவ வந்தா நடக்கேன். தனியா எப்படிப் போவ?” நடக்கச் சொன்னது அவளை. மாட்டிக்கொண்டது நான்.

வெள்ளென ஆறு மணிக்குக் கால்வாய்க்கரைக்குப் போவோம். வீட்டிலிருந்து மடை வரை நான் தனியாக நடந்தால் பத்து நிமிடம். அம்மாவோடு இருபத்தைந்து. முதல் நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். நான் முன்னே போய் நிற்பேன். அவள் வந்து சேர்வாள். மறுபடி முன்னே போவேன். ஐந்தாம் நாள் அவள் நின்றுவிட்டாள். “ஏட்டி, என்னத்த விரட்டுத? பையப் போவோம். மடை எங்கயும் ஓடிராது.”

‘பைய’ என்பது வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையான சொல். மெதுவாக என்று அர்த்தம் சொல்லிவிடுவார்கள். மெதுவாக மட்டும் இல்லை அது. குழந்தையைத் தொட்டிலில் பையப் போடுவோம், கொதிக்கிற பானையைப் பைய இறக்குவோம். அதில் பதனமும் இருக்கிறது. அவசரமில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. அன்றைக்கு அவள் காலுக்கு என் காலைச் சேர்த்து வைத்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. வேகமாக நடக்கும்போது மண்டையும் கூடவே ஓடி வந்துவிடும். நடந்துகொண்டே பெரியப்பா மகனோடு சண்டை போடலாம். அம்மா வேகத்தில் அது முடியவில்லை. அவள் எங்கே கால் வைக்கிறாள், கல் கிடக்கிறதா, சைக்கிளில் பால் கேனோடு வரும் அண்ணாச்சிக்கு ஒதுங்க வேண்டுமா என்று கண்ணும் காலும் வேலையாக இருந்தன. பிசானப் பருவத்து நெல் பொதி கட்டியிருந்தது. வரப்பில் கொக்கு. கால்வாயில் ஒரு பக்கம் துணி துவைக்கிற சத்தம். இதையெல்லாம் ரசித்தேன் என்று சொன்னால் பொய். பார்த்தேன், அவ்வளவுதான்.

அந்தக் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் மேலிருந்து மூன்றாவது கன்னடியன் அணைக்கட்டு. அதிலிருந்து வருவது இது. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவரிடம் பெரும்பணம் சேர்ந்ததாம். நல்ல காரியத்துக்குச் செலவழிக்க வேண்டும், எதற்கு, எப்படி என்று தெரியவில்லை. பொதிகைக்குப் போய் அகத்தியரைக் கேட்டார். ‘ஒரு பசு வரும், அதன் பின்னாலேயே போ. அது நடக்கிற வழியெல்லாம் கால்வாய் வெட்டு. சாணம் போட்ட இடத்தில் மடை வை. படுத்த இடத்தில் குளம் வெட்டு’ என்றாராம் அகத்தியர். எந்த இடத்தில் மடை, எந்த இடத்தில் குளம் என்பதை ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்வார்கள். சின்ன வயதில் கேட்டபோது பசு மேல்தான் எனக்குக் கண். இப்போது கேட்கும்போது அந்தக் கன்னடியர்தான் நினைவில் நிற்கிறார். எங்கே போகிறோம் என்று தெரியாமல், வரைபடம் இல்லாமல், ஒரு மாட்டின் பின்னால் மண்வெட்டியோடு போன மனிதர். நானாக இருந்திருந்தால் பசு தெற்கே திரும்பினால் என்ன செய்வது, ராத்திரியில் நடந்தால் என்ன செய்வது என்று அகத்தியரிடமே பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “மாடு என்ன செய்யும்? பள்ளத்தப் பாத்து, கால் நோவாத வழியாப் போவும். தண்ணிக்கும் அந்த வழிதானே தோது?” என்றாள். பொதுப்பணித் துறைக்காரர்கள் லெவல் பார்ப்பதும் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

மாசியில் ஒரு நாள் காலை நடந்து திரும்பினோம். வழக்கமாக நான் வந்ததும் தார்சாவில் என் நாற்காலியில் விழுவேன், போனை எடுப்பேன், எட்டரை மணி ஆகிவிடும். அன்றைக்கு நாற்காலியில் அம்மா தலையணைகளைக் காயப் போட்டிருந்தாள். உட்கார இடமில்லை. முந்தின நாள் ஃபேன் மாட்ட வந்தவர் விட்டுப்போன ஏணி பரணுக்கு நேராகச் சுவரில் சாய்ந்திருந்தது. நான் எதையும் தீர்மானிக்கவில்லை. நடந்து வந்த சூட்டிலேயே காலை ஏணியில் வைத்தேன். பெட்டியைப் பைய இறக்கித் தரையில் வைத்து, “அம்மா, சாவி” என்றேன். அவளும் ஒன்றும் கேட்காமல் மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

மேலேயே ஒரு கட்டு ரசீது, சாக்கு நூலால் கட்டியது. அதன் மேல் அட்டையில் அப்பாவின் கையெழுத்து: ‘98 பிசானம் முடிய’. அப்போதுதான் உட்கார்ந்தேன். நான் பயந்தது வாரிசுச் சான்றிதழுக்கு இல்லை போல. அந்த சாய்வான ‘ன’வுக்கு. கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு அம்மா தோசைக்குக் கல்லைப் போட்டாள். ஒன்பதரை மணிக்குள் காகிதங்களை மூன்று கட்டாகப் பிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் நடையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், என் பழக்கப்படி அளவுக்கு மீறி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மரிலி ஒபெஸ்ஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்தபோது தோன்றியதைவிட நடக்கும்போது புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் இந்தப் பலன் இருந்தது. இதை எல்லோரும் சொல்வார்கள். அதே ஆய்வின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை: ஒரே ஒரு சரியான விடையைத் தேடுகிற கேள்விகளில் நடந்தவர்கள் கொஞ்சம் சறுக்கினார்கள். ஆகவே ஜிஎஸ்டியை நடந்துகொண்டே போடாதீர்கள். 2015-இல் கிரெகரி பிராட்மனும் கூட்டாளிகளும் 38 பேரைத் தொண்ணூறு நிமிடம் நடக்க விட்டார்கள். பாதிப் பேர் புல்வெளியும் மரமும் இருந்த இடத்தில், மீதிப் பேர் வாகனம் பறக்கிற பெரிய ரோட்டோரத்தில். புல்வெளியில் நடந்தவர்களுக்கு, தன்னைப் பற்றியே திரும்பத் திரும்ப அரைக்கும் எண்ணம் குறைந்திருந்தது. ரோட்டில் நடந்தவர்களுக்குக் குறையவில்லை. 38 பேர் என்பது எங்கள் தெருவில் தண்ணீர் பிடிக்க நிற்கிற கூட்டம். அதை வைத்து உலகத்துக்குச் சட்டம் போட முடியாது. ஆனாலும் திருநெல்வேலி வண்ணார்பேட்டை பைபாஸில் நடப்பதும் கால்வாய்க்கரையில் நடப்பதும் ஒன்றில்லை என்று என் மண்டைக்கும் தெரியும்.

என் அனுபவத்தில் நடை எனக்கு யோசனை எதையும் தரவில்லை. நடக்கும்போது பட்டாவைப் பற்றி நல்லதாக ஒன்றுகூடத் தோன்றியதில்லை. நடந்து முடித்த அந்தப் பத்து நிமிடம்தான் விஷயம். உடம்பு ஏற்கெனவே ஓட்டத்தில் இருக்கிறது. அதற்கு அடுத்த வேலை எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். செருப்பைக் கழற்றுவதும் ஏணியில் ஏறுவதும் அதற்கு ஒரே கணக்கு. நாம்தான் அதை நாற்காலியில் உட்கார வைத்து, மண்டையிடம் அனுமதி கேட்கிறோம். எந்தப் பேச்சுக்கும் “உக்காந்து பேசுவோம்” என்பது நம்மூர் மரியாதை. நான் என்னோடு அப்படித்தான் ஒன்றேமுக்கால் வருடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.

அதனால் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டேன். நடந்து வந்தால், உட்காருவதற்கு முன் தள்ளிப்போட்ட வேலை ஒன்றைக் கையால் தொட வேண்டும். முடிக்க வேண்டாம், தொட்டால் போதும். கவரில் முகவரி எழுதலாம். ஃபாரத்தை எடுத்து மேஜையில் விரித்து வைக்கலாம். ஒரு போன் போட வேண்டுமா, நின்றுகொண்டே போட வேண்டும். நின்றுகொண்டு பேசினால் பேச்சு சுருங்குகிறது, பயமும். பாதி நாள் தொடுவதோடு நின்றுவிடும். அதற்கு நான் என்னைத் திட்டுவதில்லை.

உட்காருவதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. பத்தமடையில் ஒரு வீட்டில் பாய் நெய்வதைப் பார்க்கப் போயிருந்தேன் (ஆமாம், கடைசியில் பாய் வாங்கிவிட்டேன், அதில் யோகா செய்யவில்லை, மதியம் படுக்கிறேன்). இரண்டு பெண்கள் தறியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கோரையைக் கோத்து இழுக்க, மற்றவர் அச்சை இழுத்து அடிக்க, ஒரு கோரைக்கு அப்புறம் ஒரு கோரை. முழுப்பாய் அவர்கள் கண்ணிலேயே இல்லை. எத்தனை நாளில் முடியும் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் நாலு கோரை ஓடிவிட்டது.

நடுவில் சறுக்கலும் உண்டு. வைகாசியில் அம்மா தம்பி வீட்டுக்கு ஒரு மாதம் போனாள். நாலே நாளில் என் நடை நின்றது. ஏழாம் நாள் ராத்திரி மறுபடி அம்பாசமுத்திரம் கோர்ட். தனியாகக் கரைக்குப் போக மனம் வரவில்லை. காலையில் எழுந்ததும் வாரியலை எடுத்து வாசலையும் பின்கட்டு முற்றத்தையும் பெருக்க ஆரம்பித்தேன். அதுவும் அம்மா வேகத்தில். குனிந்து, ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை வேப்பிலையைக் கூட்டிக்கொண்டு வர கால் மணி நேரம். வாரியலை மூலையில் சாய்த்த கையோடு வாரிசுச் சான்றிதழுக்கான காகிதங்களை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனேன். இன்ஷியல் விவகாரம் நான் பயந்த மாதிரியே வந்தது. ஒரு அலுவலகத்தில் மூன்று தடவை நடக்க வைத்தார்கள். மூன்றாவது தடவை, போன தடவை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த அதே காகிதத்தைக் கேட்டார்கள். எரிச்சல்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நான் போட்ட கணக்கில் இதைவிடப் பெரிய எரிச்சல்களை அனுபவித்து முடித்திருந்தேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும். மண்டை ஓட்டம் என்று நான் விளையாட்டாகச் சொல்வது சிலருக்கு விளையாட்டில்லை. தூக்கம் பசி எல்லாம் போய், எழுந்து நிற்கவே முடியாத ஆளிடம் போய் “கொஞ்சம் நட, சரியாயிரும்” என்று சொல்லக் கூடாது. அது வைத்தியர் பார்க்க வேண்டியது. பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. ‘டெலி மானஸ்’ என்ற அரசு உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது.

பட்டா ஐப்பசியில் வந்தது. பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அப்பா பெயர் போய்விடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பட்டாவில் பெயர் எழுதுகிற முறை அப்படியில்லை. முதலில் அவர் பெயர், அப்புறம் ‘மனைவி’ என்ற சொல், அதற்கப்புறம் அம்மா பெயர்.

“இதுலயும் அவுகதான் முன்னால போறாவ” என்றாள்.

வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பிசானத்துக்குத் தண்ணீர் விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. பட்டாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து பார்த்தேன், அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள், கையில் குடை.